ஆச்சி வாங்கிய வீடு

வாஷிக்கு வயது அதிகமில்லை. 1965இல் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, சிரீஷ் படேல் ஆகிய மூவரும் பம்பாயின் நெரிசலைக் குறைக்க எதிர்க்கரையில் ஒரு புது நகரம் எழுப்ப வேண்டும் என்று வரைந்து காட்டினார்கள். 1970 மார்ச்சில் அதற்கென்றே சிட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டது. 1973இல் தாணே காடியின்மேல் பாலம் வந்தது. காடி என்று இங்கே எல்லாரும் சொல்லும் அந்த உப்பங்கழியின் மறுகரையில், முதலில் எழுந்த குடியிருப்புகளில் ஒன்று வாஷி. நவி மும்பையின் கதையைச் சொல்கிறவர்கள் இந்த ஆண்டுகளையும் பெயர்களையும் தவறாமல் சொல்கிறார்கள், சொல்ல வேண்டியவைதான். அங்கே கட்டி நிறுத்திய வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் கட்டிய முன்பணம் யார் கையிலிருந்து வந்தது என்பதை யாராவது எழுதி நான் படித்ததில்லை. எங்கள் வீட்டுக்கு அது இட்லியிலிருந்து வந்தது. தாராவியில் முப்பது ஆண்டுக்கு மேல் விடியுமுன் எழுந்து இட்லி அவித்த என் ஆச்சியின் பணம் அது.

ஆச்சிக்கு நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமம். பதினேழு வயதில் கல்யாணம். தாத்தா தாராவியில் ஒரு தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்தார். திருநெல்வேலியில் மீட்டர் கேஜ் ரயிலேறி எழும்பூர், அங்கிருந்து சென்ட்ரலுக்குப் போய்ப் பம்பாய் வண்டி, பிறகு தாதரில் இறங்கி நடை. 1940களின் கடைசியில் அப்படி வந்து சேர்ந்தவள், ஒரு பெட்டியும் ஒரு ஆட்டுரல் குழவியும் கொண்டுவந்ததாகச் சொல்வாள். குழவி மட்டும்தான், உரலைத் தூக்கிவர முடியவில்லை. ஊரில் பழகிய குழவி இல்லாமல் மாவு சரியாக வராது என்று அவள் நம்பினாள். உரலை தாராவியில் வாங்கிக்கொண்டார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடியில், கோலி என்று இங்கே சொல்லும் ஒற்றை அறை வீடு ஒன்று. மேலே பலகை அடித்த போட்மாளாவில் பிள்ளைகள் தூங்குவார்கள். தாத்தாவின் கூலி வாடகைக்கும் ஊருக்கு அனுப்பும் மணியார்டருக்கும் சரியாகப் போனது. அப்பா பிறந்த பிறகு ஆச்சி இட்லி போடத் தொடங்கினாள். இன்றைக்கும் மும்பைத் தெருக்களில் காலையில் ரப்பர் ஹார்னைப் பீப் பீப் என்று அமுக்கிக்கொண்டு இட்லி விற்கிறவர்களைப் பார்க்கலாம். அவர்கள் தலையிலும் சைக்கிளிலும் ஏற்றிக்கொண்டு போகும் பானைகளில் பெரும்பகுதி தாராவியில் நிரம்பியவைதான். அந்தத் தொழிலில் ஹார்ன் அடிப்பது ஆண்கள், அவிப்பது பெண்கள்.

அந்த வேலையை ஆச்சி விவரிக்க நான் கேட்டிருக்கிறேன். அரிசி ரேஷனில் கிடைத்த காலம். இட்லிக்கு வேண்டிய புழுங்கல் அரிசியை இங்கே உக்டா என்பார்கள். அது எல்லா வாரமும் கிடைக்காது. கிடைக்கும்போது அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கியாவது சேர்த்து வைக்க வேண்டும். மத்தியானம் ஊறப் போட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிறகு அரைக்க உட்கார்ந்தால் ராத்திரி சோறு ஆக்கும் நேரம்வரை உரல் ஓடும். குளிர்காலத்தில் மாவு புளிக்காது. சாக்கைப் போர்த்தி அடுப்புச் சாம்பல் பக்கத்தில் வைப்பாள். விடியற்காலை மூன்றரைக்குக் குழாயடியில் ஹண்டாவை வரிசையில் வைத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டுவாள். ஐந்தரைக்குப் பையன்கள் வந்து பானைகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள், மாட்டுங்கா மார்க்கெட், தாதர், பரேல் மில் வாசல்கள் என்று ஆளுக்கொரு திசையில். எட்டு மணிக்கு அவர்கள் திரும்பி வந்து கணக்குக் கொடுத்த பிறகுதான் ஆச்சி முகம் கழுவுவாள்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பையன்களின் கணக்கைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருப்பாள். வாரக் கடைசியில் கோடுகளை எண்ணித் துடைப்பாள். அதில் ஒருமுறைகூடத் தவறு வந்ததில்லை என்று அப்பா சொல்வார்.

மும்பைத் தமிழர் வரலாறு என்று பேசத் தொடங்கினால் நாம் பெரும்பாலும் மாட்டுங்காவிலிருந்து தொடங்குகிறோம். 1932இல் அங்கே தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கப்பட்டது. 1940இல் கஃபே மெட்ராஸ் வந்தது. 1952இல் சண்முகானந்தா சபா உருவாகி 1963இல் தன் பெரிய அரங்கத்தைத் திறந்தது. பெரிய முயற்சிகள், பெரிய மனிதர்கள். அவற்றின் வாசலில் கல்வெட்டு இருக்கிறது, ஆண்டுவிழா மலர் இருக்கிறது. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தாராவியில் அதே ஆண்டுகளில் உரல் சுற்றிய பெண்களுக்குச் சுவரில் கரிக்கோடு மட்டுமே இருந்தது. இரண்டும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கம் என்று நான் நினைக்கிறேன். மாட்டுங்காவில் பூ வாங்கவும் கோவிலுக்கும் ஆச்சி போவாள். சபாவின் கதவைத் தாண்டி அவள் உள்ளே போனதே இல்லை.

1966இல் சிவசேனை தொடங்கியபோது அதன் முதல் கோபம் தென்னிந்தியர்கள்மேல்தான் இருந்தது. அந்த ஆண்டுகளைப் பற்றி ஆச்சி அதிகம் பேசமாட்டாள். சில நாள் பானைகள் வெளியே போகவில்லை, அவித்த இட்லியைக் கோலி வரிசைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டோம் என்பாள். பயந்தீர்களா என்று நான் கேட்டதற்கு, "பயந்தா ஆருட்டி சோறு போடுவா?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அப்பா தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, பிறகு தொழிற்பயிற்சி முடித்து, தாணே–பேலாப்பூர் சாலையில் இருந்த ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1984இல் வாஷி செக்டர் ஒன்பதில் வீடு கிடைத்தது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், இரண்டாம் மாடியில், ஒரு அறையும் கூடமும் சமையலறையும். விண்ணப்பம் அப்பாவுடையது, மாதத் தவணை அப்பாவின் சம்பளத்தில் பிடித்தம். முன்பணம் முழுவதும் ஆச்சி போட்ட சீட்டுப் பணமும் அவளுடைய இரட்டை வடச் சங்கிலியும். தாத்தா அதற்குச் சில ஆண்டுகள் முன்பே போய்விட்டார். ஒதுக்கீட்டுக் கடிதத்தில் அப்பா பெயர் ஒன்றுதான் இருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்த அநியாயம் இல்லை இது. படிவத்தில் கேட்டது சம்பளக்காரரின் பெயரை. இட்லிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது.

அன்றைய வாஷியை இன்றைக்கு அங்கே வந்து இறங்குகிறவர்களுக்கு விளக்குவது கடினம். ரயில் மான்கூர்டோடு நின்றது. தாராவியிலிருந்து வருகிற உறவினர் சயானில் ஏறி, குர்லாவில் ஹார்பர் வண்டிக்கு மாறி, மான்கூர்டில் இறங்கி, பாலத்தைக் கடக்கும் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அந்த பஸ்ஸில் இடம் பிடிப்பதற்குத் தனித் திறமை வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் செக்டருக்குள் ஆள் நடமாட்டம் இருக்காது. அலையாத்திக் காட்டிலிருந்து நரி ஊளையிடுவது வீட்டுக்குள் கேட்கும். காற்று திரும்பினால் தொழிற்சாலை வாடை. ஆச்சிக்கு முதல் ஒரு வருடம் இந்த ஊர் பிடிக்கவில்லை. "மனுசச் சத்தமே இல்லாத ஊருல கொண்டாந்து போட்டுட்டானே" என்று அப்பாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். தாராவியின் சந்தில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டு அடுப்பில் கொதிப்பது தெரியும். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு சாத்தியிருந்தது.

அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறக்க வைத்தவள் அவள்தான். மராத்தியர், மலையாளிகள், குஜராத்திகள், பஞ்சாபி, கன்னடக்காரர் என்று எல்லாரும் எங்கிருந்தோ வந்த கட்டடம். ஒருவருக்கும் அங்கே மாமா அத்தை கிடையாது. பிள்ளைபெற்ற பெண்ணுக்கு வெந்நீர் ஊற்ற ஆள் இல்லை. கைக்குழந்தைக்கு உரம் விழுந்தால் எடுத்துவிடத் தெரிந்தவர் இல்லை. ஆச்சி கூப்பிடாமலே போவாள். கீழ்வீட்டில் நாசிக்கிலிருந்து வந்திருந்த பெண்ணுக்குப் பேறுகாலத்துக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தாள், உடன்குடிக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு. அந்தப் பெண்ணின் தாய் ஊரிலிருந்து வந்து சேரப் பத்து நாள் ஆனது. அதற்குள் அந்தக் குழந்தை ஆச்சியின் கைச்சூட்டுக்குப் பழகியிருந்தது. இன்றும் அந்தக் குடும்பம் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு ஃபராள் பலகாரம் அனுப்புகிறது.

மீன்காரி ஆஜியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஆஜி என்றால் மராத்தியில் பாட்டி. செக்டர்களுக்கு ஒட்டினாற்போல் வாஷி காவ், பழைய ஊர். கோளி மீனவர்களும் ஆக்ரி விவசாயிகளும் தலைமுறை தலைமுறையாக இருந்த கரை. அங்கிருந்து அந்த ஆஜி வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூடையோடு வருவாள். ஆச்சியை விடச் சற்று மூத்தவள். காடியில் பிடித்த சிம்போரி நண்டு, நிவ்டி, மாந்தேலி, சின்னக் கூனி. மாந்தேலியைப் பார்த்ததும் ஊர் நெத்திலி ஞாபகம் வந்து ஆச்சி குனிந்து முகர்ந்து பார்ப்பாள். பேரம் பாதி மராத்தியிலும் பாதி திருநெல்வேலித் தமிழிலும் நடக்கும். இருவருக்கும் சண்டை வராத நாளில்லை, முடியாத வியாபாரமும் இல்லை. பேரம் முடிந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள்.

அந்தப் படிக்கட்டுப் பேச்சில்தான், நாங்கள் குடியிருக்கும் நிலத்துக்கு ஒரு முன்கதை உண்டு என்று எங்களுக்குத் தெரிந்தது. புது நகரத்துக்காக எடுக்கப்பட்ட ஊர்களின் நெல்வயலும் உப்பளமும் அது. நாங்கள் வாஷிக்கு வந்த அதே 1984ஆம் ஆண்டு ஜனவரியில், உரண் பக்கம் ஜாசாயில், டி. பா. பாட்டீல் தலைமையில் நிலத்துக்கு நியாயமான ஈடு கேட்டுப் போராடிய விவசாயிகள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். எடுத்த நிலத்தில் பன்னிரண்டரை சதவீதம் வளர்ச்சி செய்த மனையாக உரியவர்களுக்கே திரும்பத் தரும் திட்டம் அந்தப் போராட்டத்துக்குப் பிறகே வந்தது. ஆஜியின் வீட்டு ஆண்கள் அதற்காகக் காகிதம் சுமந்து அலைந்தார்கள். ஏழு பன்னிரண்டு என்று இங்கே சொல்லும் நிலப் பதிவேட்டு நகலில் யார் பெயர் இருக்கிறது என்பதில் எல்லாம் தொங்கியது. ஆஜியின் பெயர் அதில் இல்லை. வயலில் நாற்று நட்டதும் காடிச் சேற்றில் இறங்கி நண்டு பிடித்ததும் அவள்தான்.

1992 மே மாதம் மான்கூர்டிலிருந்து வாஷிக்கு ரயில் வந்தது. ஆச்சி முதல் வாரமே ஏறிப் பார்த்தாள். குர்லாவில் ஒருமுறை மாறினால் போதும், சயானில் இறங்கி தாராவி. அவளைப் பொறுத்தவரை அந்தத் தண்டவாளம் போட்டது அவள் தாராவிக்குப் போய்வரத்தான். பொங்கலுக்குத் தொண்ணூறு அடி ரோட்டில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை ஏற்றும்போது ஆச்சியும் ஒரு பானையோடு போய் உட்காருவாள். பங்குனி உத்திரத்துக்குச் செம்பூர் செட்டா நகர் முருகன் கோவில். அங்கே நூற்றெட்டுப் படி. முழங்கால் வலியோடு ஏறுவாள். தாராவிச் சிநேகிதிகளை மேலே பிரகாரத்தில் பார்ப்பதற்காகவே ஏறினாள் என்று அம்மா சொல்வாள்.

அதே ஆண்டு டிசம்பரில் மும்பையில் இந்து–முஸ்லிம் கலவரம். தாராவி எரிந்தது. நடுவில் சற்று ஓய்ந்த ஒரு நாளில் சித்தி குடும்பமும், அவர்களோடு அந்தச் சந்தின் வேறு சிலரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் ஆச்சியின் பானையைத் தூக்கிப்போய் விற்ற பையன் ஒருவனும் இருந்தான், இப்போது பிள்ளைகுட்டிக்காரன், முஸ்லிம். கட்டடத்தில் ஒருவர் வந்து இத்தனை பேரை வைத்திருப்பது நல்லதா என்று அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்பா பதில் தேடுவதற்குள் ஆச்சி வெளியே வந்து, "நம்ம வீட்டு ஆளுவதான், சாப்பிட்டுட்டுப் போங்க" என்று அவர் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்தாள். வீடு அவள் பெயரில் இல்லாமல் இருக்கலாம். அந்த வாரம் அது யார் வீடு என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கூடத்திலும் படிக்கட்டிலும் ஆட்கள் படுத்திருந்த அந்த நாட்களில் ஆச்சி மறுபடியும் விடியற்காலை எழுந்து தாராவிக் கணக்கில் இட்லி அவித்தாள்.

ஆச்சி 2007இல் இறந்தாள். தாணேயிலிருந்து வாஷிக்கு ரயில் வந்த 2004க்குப் பிறகு அவள் அதிகம் வெளியே போகவில்லை. கடைசி வரை கைகளில் உரல் சுற்றிய தடிப்பு மாறவில்லை. முழங்காலும் இடுப்பும் முன்னமே தேய்ந்துபோயிருந்தன. அவள் பெயர் இருந்த அரசுக் காகிதங்கள் மூன்று. ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, கடைசியாக இறப்புச் சான்றிதழ். ரேஷன் அட்டையில் எழுத்துப் பிழை வேறு.

இன்றைய வாஷியில் என் அம்மாவும் ஒரு பாட்டி. எழுபதைத் தாண்டியவள், தாராவியில் ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வூதியம் மாதாமாதம் அவள் கணக்கில் விழுகிறது. வங்கிக் கடவுச்சொல்லை என்னிடம்கூடச் சொல்வதில்லை, அது சரி என்பேன். காலையில் சாகர் விஹார் பக்கம் நடக்கப் போகிறாள். மூத்தவர்களுக்காக மாநகராட்சி நடத்தும் விரங்குளா மையத்தில் மராத்தி, சிந்தி, மலையாளப் பாட்டிகளோடு உட்கார்ந்து கேரம் ஆடுகிறாள். 2022 முதல் மகாராஷ்டிர அரசு பஸ்ஸில் எழுபத்தைந்து வயதானவர்களுக்கு இலவசம், 2023 மார்ச் முதல் பெண்கள் எல்லாருக்கும் பாதிக் கட்டணம். இந்தப் பாட்டிகள் நான்கைந்து பேராகச் சேர்ந்து பண்டரிபுரம் போய்வந்தார்கள், எந்த ஆணையும் துணைக்குக் கூப்பிடாமல். டொராண்டோவில் இருக்கும் பேரனிடம் தினமும் முகம் பார்த்துப் பேசுகிறாள். ஆச்சிக்கு ஊரில் அவளுடைய அம்மா இறந்த செய்தியே காரியம் முடிந்த பிறகு இன்லண்ட் லெட்டரில் வந்தது.

அந்தக் காலம் பொற்காலம் என்று என்னால் எழுத முடியாது. ஆச்சியின் மூன்றரை மணி விழிப்பை என் அம்மாவுக்கோ மகளுக்கோ நான் விரும்பமாட்டேன். அரைக்க இயந்திரம் இருக்கிறது, அரைத்த மாவு கடையில் கிடைக்கிறது. 1990களில் மும்பையின் மொத்த மார்க்கெட்டுகள் இடம் மாறி வாஷிக்கு வந்த பிறகு, நாங்கள் கைமாற்று வாங்கித் தேடிய புழுங்கல் அரிசி மூட்டை மூட்டையாக எங்கள் ஊரிலேயே இறங்குகிறது. இவையெல்லாம் பெண்ணின் முதுகுக்குக் கிடைத்த ஓய்வு. அதை இழப்பென்று யார் சொன்னாலும் அவர்கள் ஆட்டுரல் முன்னால் உட்காராதவர்கள்.

இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பேறுகாலத்துக்கு ஆள் வேண்டுமென்றால் இன்று ஏஜென்சி மூலம் மாதச் சம்பளத்துக்கு வருகிறார்கள். சுத்தமாகச் செய்கிறார்கள். ஆனால் மாடி வீட்டில் பிள்ளை பிறந்தது அம்மாவுக்குத் தெரிவதே வாட்ஸப் குழுவில்தான். அம்மாவுக்கு உளுந்தங்களி கிண்டத் தெரியும், கேட்கத்தான் யாருமில்லை. வயதான பெண்ணிடம் பணமும் நேரமும் சேர்ந்திருக்கிற இந்தக் காலத்தில், அவளிடம் இருக்கிற அறிவுக்குத் தேவை குறைந்துவிட்டது. விரங்குளா மையத்துப் பாட்டிகள் பலரும் இதையே வேறு வேறு மொழியில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

காடியும் மாறியது. இரண்டாவது பாலம் 1997இல் வந்தது. மூன்றாவது, 2024–25இல் இரண்டு பகுதியாகத் திறந்தது. 2025 அக்டோபரில் நவி மும்பை விமான நிலையமும் திறந்தாயிற்று. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வருகின்றன. 2015இல் தாணே காடி பூநாரைச் சரணாலயமானது, 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. மகிழ்ச்சிதான். மீன் குறைந்துவிட்டது என்று வாஷி காவ் கோளிகள் சொல்கிறார்கள். ஆஜியின் பேத்தி கூடை தூக்கவில்லை, நேருலில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு மீன் ஐஸ் பெட்டியில் வருகிறது, செதில் எடுத்து, துண்டு போட்டு.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. மூன்றாவது பாலம் கட்டும்போது, தங்கள் மீன்பிடிப்பு பாதிக்கப்படுவதாக வாஷிக் கோளிகளின் கூட்டுறவுச் சங்கம் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2021இல் நீதிமன்றம் அவர்களுடைய வழிவழி மீன்பிடி உரிமையை ஏற்று, இழப்பீடு தர உத்தரவிட்டது. காடித் தண்ணீருக்கு எவரிடமும் பட்டா கிடையாது. தலைமுறையாக உழைத்ததே உரிமைக்கு ஆதாரம் என்று ஒரு நீதிமன்றம் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்தப் படிக்கட்டும் இரண்டு கிழவிகளும்தான் கண்முன் வந்தார்கள்.

தாராவியிலும் இப்போது எல்லாம் காகிதத்தில் வந்து நிற்கிறது. 2022இல் மறுசீரமைப்பு ஒப்பந்தம் அதானி குழுமத்துக்குக் கிடைத்தது, 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி முதல் தேதிக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பதற்குச் சான்று காட்டுகிறவர்களுக்கு தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வேறு கணக்கு, வேறு இடம். என் சித்தி மகள் தகர டிரங்குப் பெட்டியைக் கொட்டி மின்கட்டண ரசீது தேடினாள். கிடைத்தவை எல்லாம் அவளுடைய மாமனார் பெயரில். அந்தக் கோலியைக் காப்பாற்றியது மாமியார் போட்ட முறுக்கு. முறுக்குக்கு ரசீது ஏது?

வாஷியின் பழைய கட்டடங்களும் இடிபடுகின்றன. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் மாநகராட்சி அபாயகரமான கட்டடங்களின் பட்டியலை வெளியிடுகிறது, செக்டர் ஒன்பது, பத்தின் ஜே.என். வகைக் கட்டடங்களைப் பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. எங்கள் கட்டடத்திலும் கூரைக் காரை பெயர்ந்து விழுந்த பிறகு எல்லாரும் மறுகட்டுமானத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். இப்போதைக்கு அம்மா பக்கத்துச் சான்பாடாவில் வாடகை வீட்டில் இருக்கிறாள். வீட்டைக் காலி செய்தபோது ஆச்சியின் ஆட்டுக்கல்லை யாரும் எடுக்கவில்லை. குழவியை மட்டும் அம்மா கொண்டுபோனாள்.

அப்பாவுக்குப் பிறகு வீட்டை யார் பெயரில் மாற்றுவது என்று பேச்சு வந்தது. நடைமுறைக்கு வசதி என்று மகன் பெயரைச் சொன்னார்கள். அண்ணனே மறுத்தான். பிள்ளைகள் எல்லாரும் உரிமை விட்டுக்கொடுத்து எழுதி, அம்மா பெயரில் மாற்றினோம். அன்றைக்கு அம்மா சொன்னது ஒன்றுதான். "அத்தை பேரு வர வேண்டிய இடம், என் பேரு வருது." மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் இருபது ஆண்டுக்கு மேல் நடந்த அத்தனை சச்சரவையும் கூடவே இருந்து பார்த்தவள் நான். அந்த வாக்கியத்தின் எடை எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு யார் பெயர் என்று ஆச்சியிடமே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "பேரு எதுக்குட்டி? கூரை ஒழுகாம இருந்தாப் போதும்" என்றாள். அவளிடமிருந்து எத்தனையோ கற்றுக்கொண்டேன். இந்த ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. பெயர் வேண்டும். பெயர் இருந்தால் மகனோ மருமகளோ இறங்கிப் போ என்று சொல்ல முடியாது. பெயர் இருந்தால்தான் கணக்கெடுப்புக்கு வருகிறவர் நிமிர்ந்து பார்த்துக் கேள்வி கேட்பார். சட்டம் இப்போது சற்றுக் கண் திறந்திருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் மகாராஷ்டிரத்தில் பெண் பெயரில் மட்டும் வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வையில் ஒரு சதவீதம் சலுகை. 2024 மே முதல் தேதியிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் தாயின் பெயர் கட்டாயம்.

எழுதி வைப்பதும் நடக்கிறது. எழுத்தாளர் அம்பை மும்பையில் 1988இல் தோழியருடன் தொடங்கிய ஸ்பாரோ ஆவணக் காப்பகம், பெண்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்லும் பதிவுகளை ஆண்டுக்கணக்காகச் சேர்த்து வருகிறது. ஒரு காப்பகம் எல்லாப் பாட்டிகளிடமும் போய்ச் சேர முடியாது. அந்த வேலை நம்முடையது.

தாராவியிலும் வாஷியிலும் செம்பூரிலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இந்த ஆண்டுகளில் நம்மில் பலரும் பழைய பத்திரத்தைக் கொடுத்துப் புதுப் பத்திரம் வாங்கப்போகிறோம். கையெழுத்துப் போடுமுன் வீட்டில் மூத்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்த வீட்டுக்கு முதலில் கட்டிய பணம் யார் சம்பாதித்தது, யார் நகை அடகுக்குப் போனது, யார் சீட்டு எடுத்தார்கள் என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள், அந்தப் பெண்ணின் முழுப் பெயரையும் அவள் பிறந்த ஊரையும் சேர்த்து. பிறகு புதுப் பத்திரத்தில் உங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரைப் போடுங்கள்.